நிறம் போனது, உப்பு போகவில்லை: கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு செய்த தண்ணீர் சோதனைகள்

மே மாத விடுமுறையில் எங்கள் வீதிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு செய்த சோதனைகளை, வேறு யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன். ஊர் திருப்பூர். நான் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் கெட்டுப்போனால் ஒரு ஊருக்கு என்ன நடக்கும் என்பதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பத்து, பன்னிரண்டு வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர் ஆறான நொய்யல் என்றால் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் 'நீரை மாசுபடுத்தாதீர்' என்று அழகாகச் சார்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். கலந்த அழுக்கை ஏன் திரும்ப எடுக்க முடியவில்லை, எது சுலபமாக வரும், எது வரவே வராது என்று கேட்டால் அந்தச் சார்ட்டில் பதில் கிடையாது.

அதனால் பிள்ளைகள் கையாலேயே தண்ணீரைக் கெடுக்கச் சொல்லி, அவர்களையே சுத்தம் செய்யவும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். நாலாவது படிக்கிற பெண்ணிலிருந்து ஒன்பதாவது முடித்த பையன் வரை வந்தார்கள். இடம் எங்கள் மொட்டை மாடி. வெயிலுக்கு முன் காலையிலோ, நாலரை மணிக்கு மேலோ வேலை. பொருட்களுக்குப் பெரிய செலவில்லை. வெட்டிய பாட்டில்கள், மணல், ஜல்லி, ஃபுட் கலர், கல்லுப்பு, மீன் தொட்டிக் கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன், காலியான ஹேண்ட்வாஷ் பாட்டிலின் பம்பு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், ஆன்லைனில் வாங்கிய டி.டி.எஸ். பேனா. இதில் பேனாவை மட்டும் தவிர்க்காமல் வாங்கச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைகளுக்கு எண்ணாகக் காட்டுவது அதுதான்.

சேறு

முதலில் சுலபமானது. பக்கெட்டில் செம்மண்ணைக் கரைத்துக் காப்பி நிறத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, மூடியில் சூடான ஆணியால் நாலைந்து துளை போட்டுக்கொள்ள வேண்டும். துளை போடுவது பெரியவர் வேலை. வாய்ப் பக்கம் இரண்டு மடிப்புப் பனியன் துணி, அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்கு மணல். மணலை முன்கூட்டியே அலசிவிடுங்கள். அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும், இல்லையென்றால் உள்ளே போனதைவிட வெளியே வருவது கலங்கலாக இருக்கும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும், அதில் தூசி அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அலசணும்.

இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு அம்மிச்சி தேற்றாங்கொட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மண்சட்டியின் உள்பக்கத்தை நனைத்து, கொட்டையை வட்ட வட்டமாகத் தேய்த்து, அதில் கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடி வைக்கச் சொன்னார். நாங்கள் மணலோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அந்தச் சட்டியில் மேல் தண்ணீர் தெளிந்து, சேறு அடியில் படிந்து நின்றது. கொட்டையிலிருந்து கரைகிற பொருள் தண்ணீரில் மிதக்கும் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. துகள் பெரிதானால் கனத்தில் கீழே இறங்கிவிடும். குடிநீர் நிலையங்களில் படிகாரம் போடுவதும் இதற்குத்தான்.

மண் தனியாக மிதக்கிறது, தண்ணீரில் கரையவில்லை. அதனால் தடுத்து நிறுத்தவோ, படிய வைக்கவோ முடிகிறது. பிள்ளைகளுக்கு இதில் ரொம்ப சந்தோஷம். எல்லாத் தண்ணீரையும் இப்படியே சுத்தம் செய்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வந்துவிட்டது. அந்த நம்பிக்கை வரட்டும் என்றுதான் இதை முதலில் வைத்தேன்.

சாயமும் உப்பும்

அடுத்தது எங்கள் தொழில். காட்டன் துணிக்கு, பஞ்சோடு வேதி முறையில் பிணைந்துகொள்ளும் ரியாக்டிவ் சாயம் போடும்போது உப்பு இல்லாமல் வேலை நடக்காது. கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு போவது சாதாரணம். சமையல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து 60 கிராம் கல்லுப்பை நிறுத்துக் கொட்டச் சொன்னேன். கிண்ணத்தில் குவிந்ததைப் பார்த்ததும், "இவ்வளவும் ஒரு லிட்டருக்கா மாமா?" என்று கேட்டார்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் இருக்கிறது. சாயத் தொட்டித் தண்ணீர் கடலைவிட உப்பு.

அந்த உப்பு துணியில் தங்குவதும் இல்லை. தண்ணீரில் நனைந்த பஞ்சும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம். உப்பு நடுவில் வந்து அந்தத் தள்ளலை மட்டுப்படுத்தி, சாயத்தைத் துணிப் பக்கம் அனுப்பி வைக்கும். வேலை முடிந்ததும் போட்ட உப்பு அப்படியே தண்ணீரில் இருக்கும். சாயத்திலும் ஒரு பங்கு துணியில் ஒட்டாமல் அலசலில் வெளியே வரும். நிறத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், திட்டுகிறார்கள். உப்பை யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சோதனைக்கு நிஜமான சாயப் பவுடரை நான் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம். ரியாக்டிவ் சாயத்தின் தூசி மூக்கில் ஏறினால் சிலருக்கு ஆஸ்துமா வரும், பிள்ளைகள் பக்கத்திலேயே வரக்கூடாத பொருள். நீல ஃபுட் கலர் போதும். உப்பையும் பத்தில் ஒரு பங்காக, லிட்டருக்கு 6 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் என்று குறைத்துக்கொண்டோம். பேனா காட்டும் எண், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. நாங்கள் வாங்கிய பேனா 9990 வரைதான் காட்டும், முழு அளவு போட்டால் அதற்கு மேலே போய்விடும். கலக்கிவிட்டுப் பேனாவை வைத்தால் 6000-த்தை ஒட்டிக் காட்டியது. பக்கத்திலேயே மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளரில், அது 200 சொச்சம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அந்த விதியிலேயே இருக்கிறது. இந்த எண்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தோம்.

நீலத் தண்ணீரை மணல் பாட்டிலில் ஊற்றினார்கள். நீலமாகவே வந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று ஊற்றிப் பார்த்தார்கள். செம்மண்ணைப் பிடித்து நிறுத்திய மணல் நீலத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

அப்புறம் கார்பன். தேங்காய்த் தொட்டிக் கரியை நீராவியில் சூடாக்கி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் திறக்கும்படி செய்வது. அடுப்புக்கரியை இடித்துப் போட்டாலும் கொஞ்சம் நிறம் இறங்கும், ஆனால் இரவு முழுக்க ஊற வேண்டும், முழுதாகவும் போகாது. கார்பனையும் கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை அலசிவிட்டு, நாலு விரற்கடை கனத்துக்கு மணலின் மேல் போட்டோம். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடினால் கார்பனுக்கு நிறத்தைப் பிடிக்க நேரம் கிடைக்காது. கீழே வைத்த டம்ளரில் முதலில் மங்கிய நீலம் வந்தது, அதைத் திரும்ப மேலே ஊற்றினோம். அடுத்த சுற்றில் வந்தது குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"மாமா, சரியாயிருச்சு. இதைக் குடிக்கலாமா?" என்றான் ஒரு பையன்.

பேனாவை வைத்துப் பார் என்றேன். வைத்தான். எண் கிட்டத்தட்ட மாறவே இல்லை, அதே 6000-த்தை ஒட்டி. பேனா கெட்டுவிட்டதோ என்று உதறிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் வைத்தான், 200. மறுபடி தெளிந்த தண்ணீரில் வைத்தான், 6000. கண்ணுக்கு இரண்டு டம்ளரும் ஒன்றுபோலவே இருந்தன. இந்த இடத்தில் நான் எதுவும் விளக்கவில்லை. அவர்களே இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கில் வைத்துப் பார்க்கவும் கேட்டார்கள், விடவில்லை. சோதனைத் தண்ணீர் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது முதலிலேயே போட்ட விதி.

வெயிலில் வடித்தது

கரைந்த உப்பை எடுக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீரை ஆவியாக்கிப் பிடிக்க வேண்டும். அகலமான கறுப்பு பேசினில் அந்த உப்புத் தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, நடுவில் கனமான ஒரு சின்ன டம்ளர். மேலே கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டி, டம்ளருக்கு நேர் மேலே ஷீட்டின் மீது ஒரு கூழாங்கல். தண்ணீர் சூடாகி ஆவியாகி, ஷீட்டின் உள்பக்கம் படிந்து, கல் அழுத்திய பள்ளத்துக்கு வழிந்து டம்ளரில் சொட்டும். ஓரத்தில் காற்று போகாமல் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், இந்தச் சோதனையின் வெற்றி தோல்வி எல்லாம் அந்த ஓரத்தில்தான். ஷீட் டம்ளரைத் தொடவும் கூடாது.

காலை பத்து மணிக்கு வைத்து நாலு மணிக்குப் பிரித்தோம். திருப்பூரின் மே மாத வெயில் முழுக்க அதன் மேல் அடித்தது. கிடைத்தது கால் டம்ளர். பேனா வைத்தால் 20-க்குள். உப்பு பேசினிலேயே தங்கிவிட்டது. ஒரு நாள் வெயிலுக்கு ஒரு வாய்த் தண்ணீர். போட்ட உப்பு ஒரு டீஸ்பூன்தான், அதைக் கரைக்க ஆன நேரம் அரை நிமிடம்.

ஒரத்துப்பாளையத்துக் கதையை அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊர்ப் பக்கம் காவிரியில் சேர்கிற ஆறு இது. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக 1992-இல் இதன் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். மேலே இருந்து வந்த சாயக்கழிவு அதில் தேங்கியது. சுற்றிலும் கிணறுகள் உப்பேறின, பயிர் போனது. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாடு முழுமையாக வரும்வரை திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரே நின்றுபோன வருடம் அது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவில்லை.

இன்று பூஜ்ய நிலை சுத்திகரிப்பு என்று சொல்கிறோமே, அது பிள்ளைகள் செய்ததன் பெரிய வடிவம்தான். நிறத்தையும் கரிமக் கழிவையும் முதலில் எடுத்து, உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிழிந்து, மிஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசலை எவாப்ரேட்டரில் காய்ச்சி உப்பாக எடுப்பது. தண்ணீரும் உப்பும் மறுபடி சாயத் தொட்டிக்கே போகும். திரும்பப் பயன்படாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. செலவில் பெரும் பங்கு இப்படிக் காய்ச்சுவதில்தான் போகிறது. "அதுக்கு வெயில்லயே காய வைக்கலாமே" என்றாள் ஒருத்தி. வெயிலில் எவ்வளவு கிடைத்தது என்று டம்ளரைக் காட்டினேன். அந்தச் செலவுக்குப் பயந்து இரவில் திருட்டுத்தனமாகத் திறந்து விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எங்கள் தொழிலைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டப்பாவுக்குள் ஒரு போர்வெல்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கண்ணாடி போலத் தெரியும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் கீழே ஜல்லியும் மேலே மணலுமாக முக்கால் பாகம் நிரப்புங்கள். ஹேண்ட்வாஷ் பம்பின் கீழ்க் குழாயைத் துணியால் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு மூலையில் ஜல்லி வரை இறங்கும்படி புதைத்துவிடுங்கள். அதுதான் போர்வெல். தண்ணீரை மெல்ல ஊற்றினால் மணல் வழியாக இறங்கி, டப்பாவின் பக்கவாட்டில் நீர்மட்டம் கோடாகத் தெரியும். பம்பை அழுத்தினால் தண்ணீர் வரும். சின்னவர்கள் இதை விட்டு நகரவே மாட்டார்கள்.

எதிர் மூலையில் சொட்டு நீலத்தைப் பத்துப் பதினைந்து சொட்டு மணல் மேல் விட்டு, அதன் மேல் பூவாளியால் மழை பெய்ய வைத்தோம். மேலே இருந்த நீலம் சீக்கிரமே கண்ணில் படாமல் போய்விட்டது. மணல் பழையபடி சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் டப்பாவின் பக்கத்தில் பார்த்தால், நீலம் ஒரு நாக்கு மாதிரி கீழே இறங்கி, ஜல்லியைத் தொட்டதும் பக்கவாட்டில் நீண்டு போர்வெல்லை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பம்பை அழுத்த அழுத்த அந்த நகர்வு வேகமானது. கடைசியில் பம்பின் மூக்கில் நீலம் வந்தது.

இப்போது இதைச் சுத்தம் செய்யுங்கள் என்றேன். மேலே நல்ல தண்ணீர் ஊற்றினார்கள், பம்பில் இறைத்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். பக்கெட் பக்கெட்டாகப் போனது. நிறம் மங்கியதே தவிர முழுதாகப் போகவில்லை. விட்டுவிட்டு மறுநாள் காலை வந்து அழுத்தினால், ராத்திரி முழுக்க மணலில் ஒட்டியிருந்தது கசிந்து மறுபடி நீலம் கூடியிருந்தது. ஒன்பதாவது பையன் நோட்டில் ஒரு கணக்குப் போட்டான்: விட்ட நீலம் சில சொட்டு, செலவான நல்ல தண்ணீர் அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. இந்தக் கணக்கை நான் சொல்லித் தரவில்லை.

நிஜத்தில் எங்கள் பகுதி நிலம் மணல் கிடையாது, கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் நிற்கிறது, ஓடுகிறது. எந்த வெடிப்பு எங்கே போய்ச் சேரும் என்று மேலே இருந்து தெரியாது. அதனால் ஒரு வீட்டுப் போர்வெல் நன்றாக இருக்கும், மூன்றாம் வீட்டில் வாயில் வைக்க முடியாது. இதையும் பார்த்துவிடலாம் என்று வீதியில் வீடு வீடாகப் போர்வெல் தண்ணீரை டம்ளரில் வாங்கி வந்து பேனாவில் அளந்தார்கள். 2000-த்தைத் தாண்டியவை இருந்தன, பக்கத்திலேயே அதில் பாதி காட்டியவையும் இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைகள் நின்று விளக்கம் சொன்னதில், வீதியில் பாதிப் பேருக்கு டி.டி.எஸ். என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது.

பேனாவுக்குத் தெரியாதது

பேனாவின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வந்துவிட்டால் அதுவும் ஆபத்து. அது கரைந்த உப்பை மட்டும்தான் பார்க்கும். கிருமி, எண்ணெய், பூச்சிமருந்து எதுவும் அதன் கண்ணில் படாது. இதைக் காட்டத்தான் வெளியே கூட்டிப் போனேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் தொடங்கி, சாக்கடையோடே நடந்தோம். வீதிச் சாக்கடை பெரிய கால்வாயில் விழுகிறது, அது ஓடையில், ஓடை நொய்யலின் கிளை ஆறான நல்லாற்றில். வழியெல்லாம் பனியன் கட்டிங் வேஸ்ட் சாக்கடையில் சுருண்டு கிடந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பக்கம் தண்ணீர் கறுத்துத் தேங்கி நின்றது. நல்லாற்றுத் தண்ணீர்தான் சர்க்கார் பெரியபாளையம் குளத்துக்குப் போகிறது, நஞ்சராயன் குளம் என்பதும் அதைத்தான். அது இன்று பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது. உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் பெற்ற குளத்துக்கு நம் வீட்டுச் சிங்க் தண்ணீரும் போய்ச் சேருகிறது என்பதைப் பிள்ளைகள் கால் வலிக்க நடந்து தெரிந்துகொண்டார்கள்.

நல்லாற்றுப் பாலத்தருகே பக்கெட்டைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தேன். பிள்ளைகள் யாரும் கரையில் இறங்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு நான் மட்டும்தான் தொட்டேன். அடிச்சேற்றை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பரப்பினால், அதில் சிவப்புச் சிவப்பாக நூல் போலப் புழுக்கள் நெளிந்தன. "இது மீனுக்குப் போடுற புழு!" என்று ஒரு பையன் உடனே அடையாளம் சொல்லிவிட்டான். கொசுவைப் போலவே இருந்தாலும் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு அது. அதன் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கிற அதே வகைப் பொருள். தண்ணீரில் ஆக்ஸிஜன் அநேகமாக இல்லாத இடத்திலும் இருக்கிற கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அது பிழைக்கிறது. இன்னொன்றும் கிடைத்தது. வெள்ளையாகக் குண்டாக, உடம்பைவிட நீளமான வால் ஒன்றோடு. அந்த வால் மூச்சுக்குழாய். தண்ணீரில் காற்று இல்லாததால் வாலை மேலே நீட்டி வெளிக்காற்றை வாங்குகிறது. இந்த இரண்டு மட்டும் செழித்திருந்தால் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கருவி இல்லாமலே தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க என் மனைவியின் சித்தப்பா தோட்டத்துத் தொட்டித் தண்ணீரில் வலை போட்டோம். தட்டான் குஞ்சும் நீர்ப்பூச்சிகளும் சின்ன மீன்களும் வந்தன. தட்டான் குஞ்சு தன் தாடையை மடக்கி வைத்திருந்து சட்டென்று முன்னால் நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிக்கும். அதை ஒரு பாட்டிலில் விட்டு நேரில் பார்த்தோம், ஒரு மணி நேரம் யாரும் போன் கேட்கவில்லை. பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் தொட்டியிலேயே விட்டாயிற்று.

கிருமியைக் கண்டுபிடிக்க எச்2எஸ் குப்பி என்ற சின்னச் சோதனைக் குப்பி. கோட்டுக் குறி வரை தண்ணீரை ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும், மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்புள்ள தண்ணீர் என்றால் உள்ளே கறுத்துவிடும். நல்லாற்றுத் தண்ணீரை எங்கள் மணல், கார்பன் பாட்டிலில் வடிகட்டித் தெளிவாக்கி ஒரு குப்பியிலும், காய்ச்சி ஆறிய குழாய்த் தண்ணீரை இன்னொன்றிலும் வைத்தோம். தெளிந்த தண்ணீர் மறுநாளே கறுத்தது, காய்ச்சியது அப்படியே இருந்தது. கறுத்த குப்பியைத் திறக்கும் வேலை பெரியவர்களுடையது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் நன்றாக ஊற வைத்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

வீட்டில் மாற்றியவை

இதற்கப்புறம் "நாம என்ன பண்றது" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. சாயப்பட்டறையைப் பிள்ளைகள் திருத்த முடியாது. ஆனால் நொய்யலில் இன்று போகிற அழுக்கில் வீட்டுச் சாக்கடைக்கும் பெரிய பங்கு உண்டு.

முதலில் எண்ணெய். பூரி சுட்ட சட்டிகள் இரண்டு. ஒன்றை அப்படியே கழுவினோம். இன்னொன்றைப் பனியன் கட்டிங் வேஸ்ட்டால் வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவினோம். கழுவிய தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தால், முதல் பாட்டிலில் மேலே விரல் கனத்துக்கு மஞ்சள் ஏடு. இரண்டாவதில் மெல்லிய ஒரு வளையம். அன்றிலிருந்து பல வீட்டுச் சிங்க் அருகே வேஸ்ட் துணி டப்பா ஒன்று வந்துவிட்டது. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. துடைத்த துணி குப்பை வண்டிக்குத்தான் போகிறது, அதற்கும் ஒரு நல்ல முடிவு வேண்டும். ஆனாலும் சாக்கடையில் போய் ஆற்றின் மேல் படலமாக நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்து வாஷிங் மெஷின். வெளியேற்றும் குழாயின் வாயில் நைந்த வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி ஒரு சலவை முழுக்க ஓட விட்டோம். அவிழ்த்தால் உள்ளங்கை நிறைய சாம்பல் நிறப் பஞ்சு. அதைக் காய வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து நானே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திக் காட்டினேன். துணித் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த பழைய சோதனைதான். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். எங்கள் வீட்டுப் பஞ்சில் இரண்டும் இருந்தன. பருத்தி தண்ணீரில் மக்கிவிடும். அந்தக் கறுப்பு மணிக்கு உரிய இழை மக்காது, மீன் வயிறு வரை போகும். துணியைக் கட்டியே வைத்திருந்தால் அடைத்துக்கொண்டு மெஷின் தண்ணீரை வெளியேற்றத் திணறும், ஒவ்வொரு சலவைக்கும் அவிழ்த்து உதற வேண்டும். அந்தப் பொறுப்பை என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மிச்சம் வைத்த மாத்திரை, டானிக்கைச் சிங்க்கில் கொட்டாமல் இருப்பது, பெயிண்ட் பிரஷ்ஷைச் சாக்கடையில் கழுவாமல் இருப்பது எல்லாம் பேச்சோடு முடிந்தன. அதைக் காட்ட நல்ல சோதனை எனக்கு அமையவில்லை.

கட்டிங் வேஸ்ட் விஷயத்தில் மட்டும் பிள்ளைகள் என்னைவிட ஒரு படி மேலே போனார்கள். எங்கள் வீதியில் வீட்டோடு சேர்ந்து தையல் யூனிட் நடத்துகிறவர்களிடம் நேராகப் போய், சாக்கடையில் அடைத்திருந்ததை எடுத்த போட்டோவைக் காட்டி, "மூட்டையைக் கட்டி உள்ள வையுங்க, வண்டி வந்தா நாங்களே எடுத்துக் குடுக்கறோம்ங்க" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் சிரித்து அனுப்பிவிட்டார். மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள், இதுவரை மூட்டை உள்ளேதான் இருக்கிறது.

நோட்டும் பேனாவும் இப்போது ஒன்பதாவது முடித்த பையனிடம் இருக்கின்றன. ஐப்பசி மழை பிடித்ததும் அதே பாலத்தில் அதே பக்கெட்டை இறக்கி, உப்பு எவ்வளவு குறைகிறது, சிவப்புப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என எழுதி வைத்திருக்கிறான். வீதிப் போர்வெல்களையும் மழைக்கு அப்புறம் ஒரு சுற்று அளக்கப் போகிறார்கள்.